போலிக் கண்ணன் என்பாருக்கு

அல்பெர் ரூஸெல் என்னும் பிரெஞ்சு இசையாசிரியர் 1924ஆம் ஆண்டில் புல்லாங்குழலுக்கும் பியானோவுக்குமாக இயற்றிய ‘குழலூதுவோர்’ என்ற நாற்பகுதிக் கோவையின் மூன்றாம் பகுதிக்குக் ‘கிருஷ்ணன்’ என்று பெயர் சூட்டியிருப்பது பற்றி, அப்பகுதி வெறும் போலி என்றும், நமது ராகமொன்றின் பெயரைக் கவர்ந்து அதன் உயிரை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் போர்த்திக்கொண்டு நிற்பதென்றும், கண்டியிலும் அதனைச் சூழ்ந்த எங்கள் தெல்தோட்டை, கலஹா முதலிய மலையூர்களிலும் சங்கீத அபிமானிகள் கூடுமிடங்களிலெல்லாம் ஓர் அபிப்பிராயம் நிலைபெற்றிருக்கிறது. சொல்வோர் பலர், கேட்டுவிட்டுச் சொல்வோர் சிலர். இந்த அபிப்பிராயம் பிழையானது. பிழை என்ற அளவில் நில்லாமல், அதனை முடிவுவரை கொண்டுசென்றால் நம்முடைய சங்கீதத்தின் வேரையே அறுப்பது.

எதிர்ப்பக்கத்தாரின் வாதத்தை அவர்கள் சொல்லும் வலிமையோடேயே முதலில் எடுத்துரைப்பது நியாயம். நிகழ்ச்சிக் குறிப்புகள் இதனை ‘ஸ்ரீராகத்தில் அமைந்தது’ என்கின்றன. கேட்டாலோ ஸ்ரீராகத்தின் சாயை கூட இல்லை. ராகமென்பது சுரங்களின் வரிசையன்று, கமகமும் பிடிகளும் சுருதிநுட்பமும் கூடிய ஜீவன். உலோகக் குழலும் கட்டைகள் நிலைத்த பியானோவும் அந்த ஜீவனைத் தாங்க மாட்டா. ரூஸெல் கப்பற்படை அதிகாரியாக இருந்தவர். 1909ஆம் ஆண்டில் மனைவியோடு இந்தியாவைச் சுற்றிப் பார்த்த பிரயாணி. இந்திய அநுபவத்தால் எழுதிய ‘எவொக்காசியோன்’ என்னும் கோவையைப் பற்றி, அது இந்தியாவோ திபெத்தோ சீனமோ பாரசீகமோ எதுவானாலும் சரி என்று தாமே ஒரு கடிதத்தில் எழுதியவர். அப்படிப்பட்டவருக்குக் கண்ணன் ஒரு வேடிக்கைப்பொருளே. கடைசியாக, பகவானை ஒரு நாவலிலே வரும் ஸ்திரீலோலனோடு ஒரே வரிசையில் நிறுத்தியிருப்பது அபசாரம். இவை அற்பமான ஆட்சேபங்கள் அல்ல. மூன்றாவதில் பாதி உண்மையும் இருக்கிறது.

நூலை அறியாதாருக்காகச் சில வார்த்தைகள். நான்கு பகுதிகளும் நான்கு குழலூதிகளைப் பற்றியவை: கிரேக்கரின் ஆட்டுக்கால் தெய்வமாகிய பான்; லத்தீன் கவி வர்ஜிலின் முல்லைப்பாட்டிலே மரநிழலிற் சாய்ந்து ஊதும் இடையன் தித்தீர்; கிருஷ்ணன்; ஆன்றி த ரெஞியேயின் நாவலொன்றிலே, குழலைக் காட்டிலும் பெண்களையே அதிகம் விரும்பும் திருவாளர் பெஜோடி. ஒவ்வொரு பகுதியையும் அக்காலத்துப் பாரிஸின் குழல்வித்துவான் ஒருவருக்கு ரூஸெல் அர்ப்பணித்தார்: மர்ஸெல் மொய்ஸ், கஸ்தோன் பிளாங்கார், லூயி ஃப்ளெரி, ஃபிலிப் கோபேர். கிருஷ்ணன் வாய்த்தது ஃப்ளெரிக்கு; 1913இல் டெபுஸியின் தனிக்குழற் பாட்டை முதன்முதல் ஊதியவரும் அவரே; 1925 ஜனவரியில் இந்தக் கோவையை அரங்கேற்றியவரும் அவரே. முழுவதும் ஊதி முடிக்கப் பத்து நிமிஷம் போதும். நான்காம் பகுதி எனக்கு அவ்வளவாக ருசிப்பதில்லை. இரண்டாவது, கண்ணிமைக்குமுன் ஓடி மறைவது. முதலாவதும் மூன்றாவதுமே என்னை மீண்டும் மீண்டும் இழுப்பவை.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

முதலாவது. ஸ்ரீராகம் எங்கே என்று கேட்கிறார்கள். எந்த ஸ்ரீராகம் என்று நான் கேட்கிறேன். தியாகையரின் ஐந்தாம் பஞ்சரத்தினமாகிய ‘எந்தரோ மகாநுபாவுலு’வைக் கேட்டு வளர்ந்த செவிக்கு ஸ்ரீராகம் என்றால் கரகரப்பிரியாவின் குடும்பத்தில் வந்த கனராகம், சதுச்ருதி ரிஷபமும் சுத்த மத்தியமமும் கைசிகி நிஷாதமும் கொண்டு, ஆரோகணத்திலே ஸ ரி ம ப நி என்று தாவிச் செல்வது. வடநாட்டிலே ஸ்ரீ என்று வழங்கும் ராகமோ முற்றிலும் வேறு: பூர்வி தாட்டைச் சேர்ந்தது, சூரியாஸ்தமனத்திற் பாடப்படுவது, நம் கணக்கிற் சொன்னால் சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்தியமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம் என்று, நாம் பந்துவராளி என்று பாடும் காமவர்த்தினி மேளத்தின் சுரங்களையே உடையது. ரூஸெல் எடுத்துக்கொண்டது இந்த வடநாட்டு வரிசை. ஏழு சுரங்களும் அங்கே இருக்கின்றன, ஒன்றேனும் இடறவில்லை. குறிப்பில் ‘ஸ்ரீ’ என்று வாசித்துவிட்டுத் திருவையாற்றுக் கீர்த்தனையை எதிர்பார்த்து உட்கார்ந்த ரசிகர், அது வாராமற்போகவே பிரெஞ்சுக்காரர் மேல் கோபிக்கிறார். ஜயப்பூரிலோ காசியிலோ ஒரு பாடகர் ஸ்ரீ பாடினாலும் இவர் இதே கோபத்தைக் கொள்ளவேண்டியவராவார். ஆனால் கொள்ள மாட்டார். ஏனெனில் அங்கே எழுந்துபோகத் துணிவு வாராது.

வடநாட்டு ஸ்ரீயிலே ஆரோகணத்தில் காந்தாரமும் தைவதமும் விலக்கப்படுவது நியதி. அந்த நியதியை ரூஸெல் அனுஷ்டித்தார் என்று நான் வாதிக்கவில்லை. அவர் ராகம் பாடவில்லை. சுரவரிசையொன்றை எடுத்துத் தம் முறையில் ஒரு சித்திரம் வரைந்தார். ‘ராகத்தில் அமைந்தது’ என்று அடித்துச் சொல்வது குறிப்பெழுதுவோர் செய்யும் காரியம்; அவர்களுடைய ஆர்வமிகுதிக்கு அவர் பிணை நிற்க வேண்டியதில்லை. இன்னொன்று சொல்லி மேலே போகிறேன். இந்தக் கோவையின் முதற் பகுதியாகிய பான், டோரியன் என்னும் பழைய ஐரோப்பிய முறையைத் தழுவியதென்பர். அந்த டோரியனின் சுரங்கள் நமது கரகரப்பிரியாவின் சுரங்களே. ஆக, நம் ரசிகர் தேடிவந்த ஸ்ரீராகத்தின் தாய்வீடு கண்ணனில் இல்லை, கிரேக்கத் தெய்வத்தின் வாயிலே இருக்கிறது. அதை அவர் கவனியாமலே கடந்துவிடுகிறார்.

இரண்டாவது. பியானோவில் கண்ணன் வரமாட்டான் என்பவர்கள் ஆர்மோனியத்தில் அவனை எப்படி வரவழைக்கிறார்கள்? எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மார்கழி விடியலில் பஜனைக் கோஷ்டி லயங்களைச் சுற்றி வரும்போது, பனியில் நடுங்கும் விரல்களால் ஒருவர் கழுத்திலே தொங்கும் பெட்டியின் கட்டைகளை அழுத்த, மற்றவர் சிப்ளாக்கட்டை தட்டக் கோவிந்த நாமம் எழுகிறது. அந்தப் பெட்டி எங்கே பிறந்தது? பாரிஸிலே. 1840களில் அலெக்ஸாந்தர் டெபேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். பாதிரிமார் கையிலும் வியாபாரிகள் கையிலும் இந்தியா வந்து, கால்மிதி கழன்று, கைத்துருத்தி பெற்று, நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் குடியேறியது. அதன் கட்டைகளும் பியானோவின் கட்டைகளைப்போலவே சமனாக்கப்பட்ட பன்னிரண்டு ஸ்தானங்களில் நிலைத்து நிற்பவை. கமகம் அதிலும் பேசாது. அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் ஆர்மோனியத்துக்குக் கதவடைத்துப் பல்லாண்டு திறவாமலிருந்தது. அந்தத் தடை கொடிதாயினும் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. நம்மவரிடம் அந்த ஒழுங்கும் இல்லை: ஒரே குற்றத்துக்கு ஆர்மோனியத்துக்கு மாலையும் பியானோவுக்குத் தண்டனையும் விதிக்கிறார்கள்.

குழலைப் பற்றிய வாதமும் பாதி கேள்விஞானத்தால் வந்தது. மூங்கிற்குழலிலே விரல் துளையைப் பாதி மூடிச் சறுக்கும் வித்தையால், சரப சாஸ்திரிகள் முதல் பல்லடம் சஞ்சீவராவ் வரையிலும், பின்னர் மாலி என்ற மகாலிங்கத்தின் விரலடியிலும், வாய்ப்பாட்டின் வளைவுகளையெல்லாம் கேட்டோம். அதற்கு ஈடு அதுவே. போயெம் என்னும் ஜெர்மானியர் 1847இல் அமைத்த உலோகக்குழலில் துளைகளின்மேல் மூடிகள் உண்டென்பதும் மெய். ஆனால் பிரெஞ்சுக்காரர், லூயி லோ முதலிய பாரிஸ் பட்டறைகளின் வழக்கப்படி, விரல் தொடும் மூடிகளிலே நடுவில் துளையிட்ட குழலையே விரும்பி ஊதினார்கள். அங்கே விரல்நுனி உலோகத்தைக் கடந்து காற்றையே தொடுகிறது. சறுக்க வேண்டுமென்றால் அதிலும் சறுக்கலாம். ரூஸெல் அதை நாடவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. தம் கருவிக்கு இயல்பான வேகச் சுழற்சிகளால், ஒரு சுரத்தைச் சுற்றிக் கொடிபோலப் படர்ந்து மீளும் சிறு சுரக்கொத்துகளால், நீண்ட மூச்சால் அவர் தம் கண்ணனைச் செய்தார். கமகத்தைப் பொய்யாக நடித்துக் காட்டியிருந்தால் அன்றோ போலி? நடிக்காதவனைப் போலி என்பது எந்தத் தர்க்கம்?

அவசரமில்லாமல் ஒருமுறை கேட்டவருக்குத் தெரியும்: பியானோ அங்கே மேளம் கொட்டவில்லை, தம்புராவாக நடிக்கவுமில்லை. ஏழேழாக எண்ணும் ஒரு மந்தகதியிலே, மிச்ரசாபுவுக்குப் பழகிய நம் விரல்கள் தொடையிலே தாமாகத் தட்டத் தொடங்கும் நடையிலே, அது சுரக்கூட்டங்களைத் தாழ்வாகப் பரப்பிவைக்க, குழல் அவற்றுக்கு மேலே தன் போக்கில் அலைகிறது. சுத்த ரிஷபமும் பிரதி மத்தியமமும் அந்தக் கூட்டங்களோடு உராயும் இடங்களில் நம் காது திடுக்கிடுவது உண்மை. பந்துவராளியை ஒற்றைச் சுருதியின்மேலேயே கேட்டுப் பழகியவருக்கு அவ்வுராய்வு அந்நியம். அந்நியம் என்பது குறையைச் சொல்லும் சொல்லன்று.

மூன்றாவது. ஏகாதிபத்தியக் குற்றச்சாட்டு; இதிலேதான் பாதி உண்மை என்றேன். ரூஸெலை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது ஐரோப்பியரின் கப்பற்பாதை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அவர் நாட்டுக் கொடி பறந்துகொண்டிருந்த காலம். அந்தத் துறைமுகங்களிலிருந்து ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர் ஏற்றப்பட்ட நினைவு ஆறாத காலம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் முதன்முதல் தேயிலையைத் தோட்டமாகப் பயிரிட்ட லூல்கந்துர எங்கள் ஊருக்கு அருகிலேதான் இருக்கிறது; மன்னார்த் துறையில் இறங்கிக் காட்டுவழி நடந்துவந்து அந்த மலைகளைத் திருத்தியவர்களின் பேரர்களுக்கு ஏகாதிபத்தியம் இன்னதென்று கொழும்பிலிருந்து யாரும் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருவன் எந்தக் கப்பலில் வந்தான் என்பது, அவன் எழுதிய சுரம் மெய்யா பொய்யா என்பதற்குப் பிரமாணமாகாது. அதற்குச் சுரத்தைத்தான் பார்க்கவேண்டும்.

பொய் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோருக்கு ஓர் உதாரணம், அதுவும் நம் நாட்டைப் பற்றியதே, பாரிஸிலே இருக்கிறது. 1863ஆம் ஆண்டில் பிஸே எழுதிய ‘முத்துக்குளிப்போர்’ என்னும் இசைநாடகத்தின் கதை இலங்கையிலே நடப்பதாகச் சொல்லப்படுகிறது. முதலில் மெக்ஸிகோவில் நடப்பதாக எண்ணிய கதை. பின்னர் ஏதோ சௌகரியம் பற்றி இலங்கைக்கு இடம்பெயர்ந்தது! மன்னார்க் கடலிலும் சிலாவத்துறையிலும் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்த தமிழரும் முஸ்லிம்களும் அதில் இல்லை. நாதிர் என்றும் லெய்லா என்றும் பெயர் பூண்டவர்கள் பிரமனை வேண்டிக் காதல் செய்கிறார்கள். பாட்டு முழுதும் பாரிஸ் நாடகமேடையின் பாட்டு. மதுரமான பாட்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இடத்தோடு ஒட்டாதது. அறுபது வருஷத்துக்குப்பின் வந்த ரூஸெல் அந்த வழியில் நடக்கவில்லை. காசியிலே கங்கைக்கரையில் ஒரு பக்கிரி பாடக் கேட்ட மெட்டைக் குறித்துக்கொண்டு ‘எவொக்காசியோ’னில் அமைத்தவர் அவர், சித்தூர்ப் பத்மினியின் கதையை 1923இல் பாரிஸ் ஒபெரா மேடையில் ‘பத்மாவதி’யாக ஏற்றியபோது இந்தியச் சுரவரிசைகளை நாடித் தேடிப் பயன்படுத்தியவர். எந்த நாடானாலும் சரி என்று எழுதிய அந்தக் கடிதம், அவர் தொடங்கிய இடத்தைக் காட்டுவது. வந்து சேர்ந்த இடத்தைக் காட்டுவதன்று. 1910இன் சோம்பலை 1924இன் உழைப்பின்மேல் ஏற்றித் தீர்ப்பளிப்பது நீதியாகாது.

அவர் ஒருவர்தாமா? அதே தலைமுறையைச் சேர்ந்த மோரிஸ் டெலாஜ், கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டைக் கேட்டு மயங்கி, அந்தப் பாட்டை ‘ராகமாலிகா’ என்ற பெயரில் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதினார். மத்தளத்தின் மொத்தை ஒலி வேண்டுமென்று பியானோவின் தந்தி ஒன்றோடு அட்டைத்துண்டைச் சேர்க்கச் சொன்னார். சென்னை மாநகரிலே தேவதாசி மரபில் வந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் குரலுக்காக ஒரு பாரிஸ் இசையாசிரியர் தம் விலையுயர்ந்த வாத்தியத்துக்குள் அட்டை செருகினார் என்ற செய்தியை நம் சங்கீத சபைகளில் எத்தனை பேர் அறிவர்? தாயியை நாம் மறந்த வேகத்தையும் டெலாஜ் அவரைக் கேட்ட கவனத்தையும் ஒப்பிட்டால் குற்றக்கூண்டில் யார் நிற்கவேண்டும் என்பது விவாதத்துக்குரியதாகிவிடும்.

நான்காவது ஆட்சேபமாகிய அபசாரத்துக்குச் சுருக்கமாக விடை சொல்லலாம். கண்ணனைக் குழலூதும் இடையனாக, வெண்ணெய் திருடுபவனாக, ஆய்ச்சியரின் ஆடை கவர்பவனாகப் பாடியவர்கள் பிரெஞ்சுக்காரர் அல்லர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலே ஏழு பெண்கள் குரல் முதல் தாரம் வரையான ஏழு சுரங்களாகப் பெயர்பெற்று வட்டமாக நிற்கிறார்கள். குரலை மாயவனென்றும் இளியைப் பலராமனென்றும் துத்தத்தை நப்பின்னையென்றும் மாதரி வகுக்கிறாள். கொன்றைக்குழலும் ஆம்பற்குழலும் முல்லைக்குழலும் அங்கே ஒலிக்கின்றன. தெய்வத்தையே ஒரு சுரஸ்தானமாக்கிய மரபிலே வந்த நாம், ஒருவர் தெய்வத்துக்குச் சுரம் எழுதினார் என்று பதறுவது நகைப்புக்கிடம். பெஜோடியின் சமீபத்தில் நிற்பதால் கண்ணன் சிறியவனாகிறான் என்பாரிடம் ஒன்று கேட்கிறேன்: பானின் சமீபத்தில் நிற்பதால் அவன் கிரேக்கனாகிவிட்டானா?

ஐந்தாவதாக, அவர்கள் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் அடிப்படையைச் சொல்லவேண்டும். ஒரு ஜாதியின் இசைப்பொருளை மற்றொரு ஜாதியான் தொட்டால் அது போலியே என்பதுதான் அவர்களுடைய மூலக்கொள்கை. மேற்சொன்ன நான்கும் அதன் கிளைகள். அந்தக் கொள்கையை ஒருநாள் உண்மையாகவே நடத்திப் பாருங்கள். முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலப் பட்டாள பாண்டு வாசித்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத சாஹித்தியம் செய்து நோட்டுசுரங்களாக நமக்குத் தந்தார். ஆங்கில அரசவாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அவை போகவேண்டும். அவர் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடம் கற்றுவந்த பிடில் போகவேண்டும். அதோடு இன்றைக் கச்சேரி மேடையின் பாதி காலியாகும். கிளாரினெட் போகும். காயற்பட்டினம் காசிம் புலவர் அருணகிரியாரின் சந்தத்தை எடுத்து நபிகள் பெருமானைப் பாடிய திருப்புகழ் போகும். எங்கள் தெல்தோட்டைப் போப்பிட்டியிலே பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் தமிழ்ப் பிரபந்த மரபிலே நின்று இஸ்லாமிய பக்தியைப் பாடியதும் போகவேண்டியதே. இவர்களில் ஒருவரையும் எவரும் போலி என்று சொன்னதில்லை. சொல்லத் துணிவாரும் இல்லை. நாம் எடுத்தால் சுவீகாரம், பிறர் எடுத்தால் திருட்டு என்பது கொள்கையாகாது. பற்று என்று வேண்டுமானால் அதற்குப் பெயரிடலாம்.

இலங்கைத் தமிழர் இவ்விஷயத்தில் இன்னும் கூடுதலாக வெட்கப்படவேண்டும். மட்டக்களப்பிலே பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ்நூலை 1947இல் வெளியிட்டபோது, சிலப்பதிகார அரும்பதங்களை விளக்கக் கணிதத்தையும் மேனாட்டு ஒலியியலையும் தயக்கமின்றித் துணைக்கழைத்தார். பழந்தமிழ்ப் பாலைகள் குரலிடம் மாற மாற ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதை அவர் காட்டிய வழியிலே சென்றால், ஐரோப்பியரின் டோரியனும் நம் பாலைகளும் ஒரே கணக்கின் இரு வாய்ப்பாடுகள் என்பது எளிதில் விளங்கும். அந்தக் கணக்கை எழுதியவரின் நாட்டிலே இருந்துகொண்டு பானையும் கண்ணனையும் ஒரே கோவையில் வைத்தவரை ஏளனம் செய்கிறோம்.

இந்த ஏளனத்தின் விளைவு பேச்சோடு முடிவதில்லை. கண்டியில் மேனாட்டுக் குழல் கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். பரீட்சைக்கு வேண்டிய ஜெர்மானிய, இத்தாலியத் துண்டுகளையெல்லாம் அவர்கள் கூச்சமின்றி ஊதுகிறார்கள். பிரெஞ்சுக் குழலிசையில் தங்கள் வீட்டுப் பூஜையறைப் பெயர் தாங்கிய இந்த ஒன்றை எடுத்தால் மட்டும், ‘அது நம்முடையதும் அல்ல, அவர்களுடையதும் அல்ல’ என்று பெரியவர்கள் கைதட்டி நிறுத்துகிறார்கள். பாக் எழுதியது அவர்களுடையதாம்; ஆகவே ஊதலாமாம். பந்துவராளியைக் காதால் அறிந்த ஒரு பிள்ளை, அந்தச் சுத்த ரிஷபத்தில் எவ்வளவு நேரம் தங்கவேண்டும் என்பதைப் பாரிஸ் மாணவனைவிட நன்றாக அறியக்கூடிய ஒரு பிள்ளை, அதை ஊதினால் என்ன கிடைக்கும் என்று பார்க்கவும் இவர்களுக்கு ஆவலில்லை.

போலி என்று இன்னமும் சாதிப்பவர்கள் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பகுதியை எதிரே வைத்துக்கொண்டு, எந்த இடத்தில், எந்தச் சுரத்தில், எந்தக் கூட்டில் பொய் நுழைகிறது என்று விரல் வைத்துக் காட்டட்டும். பந்துவராளி இப்படி நடக்காது என்பது விடையாகாது. பந்துவராளி பாடுகிறேன் என்று ரூஸெல் சொல்லவில்லை. அங்கே ஏழு சுரமும் ஏழு எண்ணிக்கையும் ஒரு மனிதரின் மூச்சும் இருக்கின்றன. அவற்றில் எது பொய்?